வெள்ளி சுருங்கிய நாள்

அரண்மனையில் அவளுக்கு நடை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் வேலைக்காரர்களின் பெயர்களை எல்லாம் நினைவில் வைத்தால் மூளை தேய்ந்துவிடும் என்று அரச குடும்பத்துக்குப் பயம். இருப்பதே கொஞ்சம், அதைப் பார்த்துத்தானே செலவு செய்ய வேண்டும்? ஆகவே சமையல்காரி அடுப்பு, துணி துவைப்பவள் நுரை, இவள் நடை.

அவள் வேலையே நடப்பதுதான். இளவரசிக்கு வரும் ஒவ்வொரு புதுச் செருப்பையும் முதலில் இவள் மாட்டிக்கொண்டு பத்து நாள் நடக்க வேண்டும். புதுத் தோல் கடிக்கும்; கடிப்பதென்றால் இவளைக் கடிக்கட்டும் என்பது ஏற்பாடு. கிழக்குத் தாழ்வாரத்தில் கருங்கல் தளம். காலையில் விளக்கை அணைத்ததும் தொடங்கினால் மாலையில் விளக்கு ஏற்றும் வரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. குதிகாலுக்குப் பின்னால் ஈரத் துணியைச் சொருகிக்கொண்டு, விரல்களை மடக்கி மடக்கித் தோலைத் தள்ள வேண்டும். பத்தாம் நாள் உள்ளே படிந்த ரத்தத்தைத் துடைத்து, வாசனைப் பொடி தூவி, பட்டுத் துணியில் சுற்றி இளவரசியின் அறைக்குக் கொண்டுபோவாள். இளவரசி ஒரு தடவை போடுவாள். பல சமயம் அதுவும் கிடையாது, நிறம் கண்ணை உறுத்துகிறது என்று மூலையில் வீசுவாள்.

பன்னிரண்டு வயதில் வந்தவள். நாட்டுச் சட்டம் அப்படி. ஒவ்வொரு வருடமும் அளவு நாளன்று பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகளை அரண்மனை மண்டபத்தில் நிறுத்தி, என்னென்ன வேலைக்கு ஆள் குறைகிறதோ அதற்கேற்றபடி அளப்பார்கள். கழுத்து நீளமானவள் விசிறி பிடிக்க, கை சின்னதானவள் நகை துடைக்க. பிடிபட்ட பிள்ளைக்கு ஏழு வருடம் சேவை. பெற்றவர்கள் கண்ணீர் விட்டால் அது நன்றிக் கண்ணீர் என்று எழுதிக்கொள்வார்கள்.

அவள் குடும்பம் சோப்புக் காய்ச்சும் கடைக்கு மேல் ஒரே அறையில் இருந்தது. அம்மாவுக்கு நூல் ஆலையில் வேலை, அப்பா வண்டிச் சக்கரம் பழுது பார்ப்பவர். அந்த அறையில் அவள் கடைசியாகப் பார்த்தபோது தங்கைக்கு ஐந்து வயது. வீட்டில் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு நாள், அரண்மனைக் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அரை மணி நேரம் பேச விடுவார்கள். அப்படி ஏழு அரை மணி நேரங்களில் தங்கை வளர்ந்திருந்தாள்.

நடையை எப்படிப் பிடித்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முட்டாள்தனம் முழுக்க அதில்தான் இருக்கிறது. அரண்மனையில் வெள்ளியில் செய்த பாத அச்சு ஒன்று உண்டு. பாதம் பதிந்த குழி போல இருக்கும். இருநூறு வருடத்துக்கு முந்தைய முதல் அரசியின் வலது பாதம் அது. அரச பாதம் என்றைக்கும் மாறாது, தலைமுறை தலைமுறையாக அதே அளவுதான் என்று கல்வெட்டில் எழுதி வைத்திருந்தார்கள். செருப்பெல்லாம் அந்த அளவுக்கே தைக்கப்படும். செருப்பு பழக்க வருபவளின் பாதமும் அந்தக் குழியில் அச்சாகப் பொருந்த வேண்டும்.

முதல் அரசி பட்டத்துக்கு வந்தபோது எடுத்த அச்சு அது; அப்போது அவளுக்குப் பதினொரு வயது. இதுவும் அதே கல்வெட்டில், நாலு வரி கீழே இருக்கிறது. இருநூறு வருடமாக அத்தனை பெரிய மனிதர்கள் அதைப் படித்திருக்கிறார்கள். ஒருவராவது இரண்டையும் சேர்த்து யோசித்தாரா? எல்லாவற்றுக்கும் ஆள் வைத்துப் பழகியவர்கள், பாவம், யோசிக்கும் ஆளை நியமிக்க மறந்துவிட்டார்கள்.

விளைவு என்ன? வளர்ந்த பெண்கள் சிறுமியின் செருப்பில் காலைத் திணித்துக்கொண்டு நடந்தார்கள். பழக்குபவளின் கால் வருடா வருடம் வளர, செருப்பும் அவள் காலுக்குக் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். அந்தப் புண்ணியத்தில்தான் இளவரசியால் நிற்கவாவது முடிந்தது. அப்படியும் விரல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, இளவரசி நடக்கும்போது கால் ஒரு பக்கம் இழுத்தது. அதற்கு அரச நடை என்று பெயர் வைத்தார்கள். அமைச்சர்களின் மனைவிமார் எல்லாம் நன்றாக இருந்த காலை நொண்டிக்கொண்டு வலம் வந்தார்கள். ஒருத்தி ஆசிரியர் வைத்து நொண்டக் கற்றுக்கொண்டாள். இன்னும் சரியாக வரவில்லை என்று அழுதாளாம்.

நடைக்கு இதையெல்லாம் பார்த்து முதலில் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல், கடைசியில் வெறும் இளக்காரம். அந்த இளக்காரத்தை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டுதான் ஏழு வருடத்தையும் ஓட்டினாள். இப்போது அவளுக்குப் பத்தொன்பது, இளவரசிக்கும் அதே வயது. அடுத்த அளவு நாளோடு விடுதலை. மாற்று ஆளை முதலில் அதே வீட்டில்தான் தேடுவார்கள், பழகிய ரத்தமாம். குட்டிக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது.

கடைசி அரை மணி நேரத்தில் வேலிக்கு அப்பால் தங்கை வெறுங்காலோடு நின்றாள். நடை அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்தாள். அளந்து பார்க்கத் தேவையே இல்லை. பன்னிரண்டு வயதில் தனக்கு இருந்த அதே கால்.

“அக்கா, நீ வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் பக்கத்துல நான்தான் படுப்பேன், சொல்லிட்டேன்” என்றாள் குட்டி.

“படுத்துக்கோடி” என்றாள் நடை. அக்கா வீடு திரும்பும் அன்றுதான் தான் இங்கே வர வேண்டியிருக்கும் என்பது குட்டிக்குப் புரிந்திருக்கவில்லை. அம்மாவுக்குப் புரிந்திருந்தது, குட்டிக்குப் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து நடைக்குச் சோறு இறங்கவில்லை. தாழ்வாரத்தில் போய் வந்துகொண்டே யோசித்தாள். யோசிக்க யோசிக்க ஒரு விஷயம் தட்டியது. அளவு நாளில், அரண்மனைச் சடங்குகளைக் கவனிக்கும் முறை அமைச்சர் சட்டத்தை வாசிப்பார். ‘அரச பாதத்தோடு பொருந்த வேண்டும்’ என்றுதான் அதில் இருக்கிறது. அச்சு என்று ஒரு வார்த்தை கிடையாது. இளவரசியின் கால் எவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? ஊர் முன்னால் அந்தக் கால் அந்தக் குழிக்குள் போக முடியாமல் தவிக்கட்டும், வெட்கத்தில் அளவையே ரத்து செய்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டாள். அந்தக் கூட்டத்துக்கு வெட்கம் என்று ஒன்று இருப்பதாக நினைத்தாளே, அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

அளவு நாளுக்கு முந்தின காலை, இளவரசியின் காலிலிருந்து செருப்பைக் கழற்றும்போது ஐஸ் வைக்க ஆரம்பித்தாள்.

“இளவரசி, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?”

“கோபம் வந்தா உதைப்பேன். சொல்லு.”

“கண்ட கண்ட புள்ளைங்க எல்லாம் அந்த வெள்ளி அச்சுல கால வைக்குதுங்க. அது உங்க பாதம். ஆனா உங்க பாதம் அதுல உக்கார்ற அழக இந்த ஊர்ல ஒருத்தராவது பாத்திருக்காங்களா?”

இளவரசி தன் காலைத் தானே பார்த்துக்கொண்டாள். வீங்கிச் சிவந்து, சுண்டுவிரல் அடுத்த விரலுக்கு மேல் ஏறிப் படுத்திருந்தது. பிறந்ததிலிருந்து அதை அழகு என்று சொல்லியே வளர்த்திருந்தார்கள். அவள் முகத்தில் பூரிப்பு பொங்கியது.

“யாரும் பாத்ததில்லைல்ல?” என்றாள். “நாளைக்குப் பாக்கட்டும்.”

மண்டபத்தில் மறுநாள் நல்ல கூட்டம். அமைச்சர்கள், நொண்டும் மனைவிமார், சுவரோரம் வேலைக்காரர்கள், நடுவில் வரிசையாகப் பிள்ளைகள். குட்டி மூன்றாவதாக நின்றாள். பிள்ளைகளை அளக்கும் சாவிக்காரி, அதாவது அரண்மனைச் சாவிகளையெல்லாம் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு வேலைக்காரர்களை மேய்ப்பவள், குட்டியின் கணுக்காலைப் பிடித்து அச்சில் வைத்தாள். வார்த்து எடுத்தது போலப் பொருந்தியது.

“பொருந்தியது!” என்று சாவிக்காரி கத்தினாள். குட்டி இங்குமங்கும் பார்த்து அக்காவைத் தேடினாள். நடை இளவரசியின் முகத்தையே பார்த்தாள். இளவரசி மறந்துவிட்டாளோ என்று ஒரு நிமிடம் உயிரே போனது.

மறக்கவில்லை. “நில்லுங்க” என்று எழுந்தாள். “சட்டத்துல அரச பாதத்தோட பொருந்தணும்னுதானே இருக்கு? முதல்ல அரச பாதத்தப் பாத்துக்கோங்க. அப்புறம் இந்தப் புள்ளைங்க கால நீட்டட்டும்.”

முறை அமைச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்குத் தெரியும். எல்லா அமைச்சர்களுக்கும் தெரியும். வாயைத் திறந்தவன் தலை போகும் என்பதும் தெரியும். ஆகவே எல்லோரும் கைதட்டினார்கள்.

இளவரசி செருப்பை உதறிவிட்டு வலது காலை அச்சில் வைத்தாள். போகவில்லை. விரல்களைக் குழிக்குள் தள்ளினால் குதிகால் இரண்டு விரற்கடை வெளியே தொங்கியது. குதிகாலை உட்கார வைத்தால் விரல்கள் விளிம்பின் மேல் ஏறி நின்றன. அழுத்தினாள், திருகினாள், சாவிக்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டு முழு எடையையும் போட்டாள். வெள்ளி அசையவில்லை. மண்டபத்தில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, உலகிலேயே சுவாரசியமான பொருள் கூரைதான் என்பது போல மேலே பார்த்தார்கள்.

முறை அமைச்சர் தொண்டையைச் செருமினார். “வெள்ளி சுருங்கிவிட்டது” என்றார்.

“ஆமாம், சுருங்கிவிட்டது” என்றார் பக்கத்திலிருந்தவர். “போன குளிர்காலத்திலேயே எனக்குச் சந்தேகம்தான்” என்றார் மூன்றாமவர். சற்று நேரத்தில் அது சுருங்கிய சத்தத்தைத் தன் காதால் கேட்டதாக ஒருவர் சொல்ல, அவர் மனைவி அதற்குச் சாட்சி சொன்னாள். அரச அளவைக் கெடுத்த குற்றத்துக்காக அச்சைச் சிறையில் அடைக்க உத்தரவாயிற்று. இரண்டு காவலர்கள் வாளை உருவிக்கொண்டு அந்த வெள்ளித் துண்டை நடத்திக்கொண்டு போகப் பார்த்தார்கள். அதற்குக் கால்தான் உண்டு, நடக்கத் தெரியாது. ஆகவே தூக்கிக்கொண்டு போனார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. சுவரோரம் நின்ற அடுப்பும் நுரையும்கூட ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். நடைக்கு அப்போதுதான் உறைத்தது, இந்த வீட்டில் வெட்கப்படுவதற்கும் ஆளே கிடையாது என்று.

மெழுகில் இளவரசியின் காலைப் பதித்துப் புது அச்சு எடுத்தார்கள். குட்டியின் கால் அதில் ஓடி விளையாடியது. “பொருந்தவில்லை, வீட்டுக்குப் போகலாம்” என்றாள் சாவிக்காரி. வரிசையில் இருந்த எந்தப் பிள்ளைக்கும் பொருந்தவில்லை. நடைக்கு ஏறின சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. அது எவ்வளவு நேரம்? முறை அமைச்சரின் விரல் அவள் பக்கம் நீளும் வரைக்கும்.

“அவள் காலை வையுங்கள்.”

வைத்தார்கள். ஏழு வருடம் ஒரே செருப்பில் ஒருவர் மாற்றி ஒருவர் புகுந்த கால்கள். அப்படியே பொருந்தியது.

“இவளே தொடரட்டும்” என்றார் அமைச்சர்.

“ஐயா, எனக்கு ஏழு வருஷம் முடிஞ்சிருச்சு” என்றாள் நடை.

“எந்த ஏழு வருடம்?” அமைச்சர் நிஜமாகவே புரியாதவர் போலக் கேட்டார். “பழைய அச்சு தவறு. தவறான அளவில் எடுத்த ஆள், ஆளே இல்லை. ஆளே இல்லாதவளுக்குச் சேவை ஏது? உன் முதல் நாள் இன்று.”

உதைப்பார்கள், பட்டினி போடுவார்கள், சிறையில்கூடத் தள்ளுவார்கள் என்றெல்லாம் நினைத்துப் பார்த்திருந்தாள். நடந்து தேய்ந்த ஏழு வருடத்தை ஒரு வாக்கியத்தில் துடைத்துப் போடுவார்கள் என்று நினைக்கவில்லை. இவர்கள் முன்னாலா என்று அழுகையை மென்று விழுங்கினாள்.

கூட்டம் கலைந்ததும் இளவரசி அவளைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனாள். அங்கே வேறு யாரும் இல்லை.

“என் கால் பெருசுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும், இளவரசி.”

“எல்லாருக்குமா?”

“சமையல் கட்டு வரைக்கும்.”

இளவரசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பத்தொன்பது வயதில் முதல் தடவையாக ஒரு உண்மை காதில் விழுந்திருக்கிறது, எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அழுதாள். பரிதாபப்பட வேண்டிய இடம்தான். நடை பரிதாபப்படவில்லை. இந்த மூக்கு ஒழுகலுக்குத்தான் இரண்டு நூற்றாண்டாக எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளைப் பிடித்தார்களா என்று அருவருப்பாக இருந்தது.

அழுது முடித்ததும் இளவரசி பழையபடி இளவரசியானாள். “உன் தங்கச்சிய வழியனுப்பப் போகக் கூடாது. இங்கயே நட” என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள்.

தாழ்வாரத்தின் கோடியில் முற்றத்தைப் பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது. பிள்ளைகளை வாசல் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்கள். குட்டி மட்டும் முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு, அக்கா எந்தக் கதவிலிருந்து வருவாள் என்று ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காவலன் வாசல் கதவை மூடக் கையை வைத்துவிட்டான். வேலைக்காரர்கள் குரலை உயர்த்தினால் என்ன தண்டனை கிடைக்கும் என்று நடைக்குத் தெரியும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“ஓடுடி! நான் வரல! திரும்பிப் பாக்காம ஓடு!”

குட்டி என்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறாள்? திரும்பி, நிமிர்ந்து, ஜன்னலை நன்றாகப் பார்த்தாள். பிறகு ஓடினாள். கதவு மூடுவதற்குள் வெளியே போய்விட்டாள்.