ஒரு டம்ளர் போர் தண்ணீர்

கோவளத்தில் வாடகைக்கு இருந்தபோது ஒருநாள் மதியம் கூரைப் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து அம்மாவின் கட்டிலில் விழுந்தது. அம்மா அப்போதுதான் காபி போட எழுந்து போயிருந்தாள். நல்லகாலம்! ஆனால் அன்றிலிருந்து அவள் எந்த அறைக்குள்ளும் படுப்பதில்லை. எழுந்து ஓடத் தோதாக வாசல் பக்கமே பாயைப் போட்டுக்கொள்வாள். வீட்டுக்காரர் வந்து அண்ணாந்து பார்த்து, "உப்புத் தண்ணியில கட்டிட்டாங்கம்மா, கம்பி துரு புடிச்சிகிச்சி" என்றார், ஏதோ மழை வரும் போலிருக்கிறது என்பது மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நெம்மேலியில் மனை வாங்கியபோது எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அம்மா பயப்படாமல் படுக்க ஒரு கூரை.

சிறுசேரி ஆபீஸில் எல்லோரும் ஒரே பாட்டுப் பாடினார்கள். "பேசாம ஃபுல் கான்ட்ராக்ட் விட்டுடு. சிமென்ட், கம்பி, ஆள் எல்லாம் அவங்க பொறுப்பு. நீ போய்ப் பால் காய்ச்சினா போதும்." லேபர் கான்ட்ராக்ட் என்றால் மேஸ்திரி ஆட்களை மட்டும்தான் கொண்டுவருவார். மணல் முதல் தண்ணீர் வரை நாம்தான் அலைய வேண்டும்.

ஃபுல் கான்ட்ராக்ட் எடுக்கும் ஒரு கம்பெனி இன்ஜினியரையும் ஒரு மேஸ்திரியையும் மனைக்கு வரச் சொன்னேன். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது வழக்கம்தானே. மனையில் போட்டிருந்த எங்கள் போர் குழாயிலிருந்தே பிடித்துக் கொடுத்தேன். இதே ஊரில் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். எங்கள் போரில் மட்டும் கடல் அப்படியே வந்தது.

இன்ஜினியர் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். "இதையா கான்கிரீட்டுக்கு ஊத்துவீங்க?" என்றேன். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் மேடம், டென்ஷன் ஆகாதீங்க."

மேஸ்திரியும் துப்பினார். "இன்னாம்மா, கடலையே மொண்டுகினு வந்துட்டியா?" என்று சிரித்தார். "பரவால்ல, இங்க அல்லாரும் இதுலதான் வூடு கட்றாங்க."

இரண்டுமே தேறாது. அப்படியானால் யார் கட்டினாலும் தண்ணீர் என் கையில் இருக்க வேண்டும். லேபர் கான்ட்ராக்ட் என்று அங்கேயே முடிவு செய்தேன். "உன் தலையெழுத்து" என்றார்கள் ஆபீஸில். இருக்கட்டுமே!

மேல்தளம் போடும் நாளில் லீவு போட்டுவிட்டு நின்றேன். நல்ல தண்ணீர் என்று சொல்லி வரவழைத்த லாரி வந்தது. ஒரு கை அள்ளிக் குடித்தேன். உப்பு.

"திருப்பி அனுப்புங்க" என்றேன்.

"பேஜாரு பண்ணாதம்மா. ஆளு, மிஷினு அல்லாம் வந்து குந்திகினு கீது. இன்னிக்கி ஒரு நாளு இத்துலயே ஊத்திடலாம்" என்றார் மேஸ்திரி.

"தாராளமா ஊத்துங்க. அப்புறம் அதுக்குக் கீழ நீங்களே வந்து படுத்துக்கங்க."

மேஸ்திரி பக்கத்து ஷெட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு யாருக்கோ போன் போட்டுச் சத்தம் போட்டார். திருப்போரூர் பக்கமிருந்து வேறு லாரி வந்தது. முதல் டம்ளரை அவரே பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார். "குட்ச்சிப் பாரும்மா. நீ சொன்னாதான் மிஷின ஓட்டுவோம்."

முழுசாகக் குடித்தேன். "ஓட்டுங்க" என்றேன்.

பால் காய்ச்சிய அன்று மதியம், வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு, அம்மா பாயை எடுத்துக்கொண்டு வாசல் பக்கமாகத்தான் நடந்தாள். பாதியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"நீ குடிச்சுப் பார்த்த தண்ணிதானே?"

"ஆமாம்மா. ஒவ்வொரு லாரியும்."

திரும்பி வந்து, அறைக்கு நடுவில், ஃபேனுக்கு நேர் கீழே பாயை உதறிப் போட்டாள். நான் காபி போட்டு முடிப்பதற்குள் குறட்டை கேட்டது.