பள்ளி வாசலில் இன்ஜின் சத்தம்

பள்ளி வேன் ஓட்டுகிறவர்களில் இப்படி நச்சரிக்கிற ஒருவரை நான் பார்த்ததே இல்லை. "சும்மா நிக்கிற வண்டிக்கு எதுக்குய்யா இன்ஜின்?" என்று ஆரம்பித்தால் ஓயமாட்டார். டயரில் காற்று குறைந்திருந்தால் முகம் சுளிப்பார். விரட்டி ஓட்டிப்போய்ச் சட்டென்று பிரேக் போடுகிறவனைக் கண்டால் திட்டித் தீர்ப்பார். எப்போதும் 'சாவியைத் திருப்பு' என்பதால் மற்ற டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'சாவி'.

வீம்புக்குச் செய்யவில்லை அவர். அதே பள்ளியில் படிக்கும் மகளுக்கு மூச்சிரைப்பு. முதல் நடையில் வேன் நிரம்பிவிடுவதால், அப்பா திரும்பி வரும்வரை அவள் வாசலில் நிற்க வேண்டும். காத்திருக்கும் வேன்கள் கக்குகிற புகையில் இருமி இருமிச் சுருண்டுவிடுவாள்.

ஒவ்வொருவரிடமும் போய்க் கெஞ்சினார். நிற்கும்போது இன்ஜினை அணைப்பதாக எல்லோரும் தலையாட்டினார்கள். முதலில் ஆட்டியது அவருடைய மச்சான். அவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து, அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் சாவிதான்.

"நான் பாத்துக்கறேன் அத்தான். நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க."

அதன்பிறகு அவர் வரும்போதெல்லாம் வாசல் கப்சிப்பென்று இருக்கும். மனிதர் பூரித்துப்போவார், ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். ஆனாலும் இருமல் மட்டும் குறையவில்லை. வீட்டுத் தூசியோ என்று தலையணையைக்கூட மாற்றிப் பார்த்தார்கள்.

ஒருநாள் அவருடைய வேன் வழியில் படுத்துவிட்டது. பிள்ளைகளை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, மகளைக் கூட்டிப்போகப் பின்பக்கச் சந்து வழியாக நடந்து வந்தார். வரிசை முழுக்க உறுமிக்கொண்டிருந்தது. ஏசியைப் போட்டுக்கொண்டு ஆளாளுக்குக் காலை நீட்டித் தூங்கினார்கள். மச்சான் மட்டும் விழித்திருந்தான். அத்தானின் வேன் தெருமுனையில் தலைகாட்டியதும் ஹாரன் அடித்து எல்லோரையும் உஷார்ப்படுத்துவது அவன் பொறுப்பாம்.

"வெயில் தாங்கல அத்தான். உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான், நீங்க வர்றப்ப மட்டும்..." என்று இழுத்தான்.

பச்சைத் துரோகம்! இதற்குப் பெயர் கரிசனமாம்.

சாவி மகளின் கையைப் பிடித்து விறுவிறுவென்று நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் நின்றார்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

தலையசைத்தாள்.

"ஏன்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அப்பா அழுவாருன்னு மாமா சொன்னாரு. அதான் நீங்க வர்ற வரைக்கும் மூக்கைப் பொத்திக்கிட்டு நிப்பேன்."