ஓசி சாப்ட்வேரும் அறுபத்து நாலு எழுத்தும்

திண்டிவனத்தில் நான் வைத்திருப்பது கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. அழிந்துபோன கல்யாண போட்டோவை மீட்டுக் கொடுப்பதுதான் அதிகம் வரும் வேலை. என்னைப் போய் நிபுணர் என்று விழுப்புரத்தில் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றும் ஒரு மினி வேன் டிரைவருக்காக.

பைபாஸில் யாரோ பைக்கில் போன ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டார்கள். அவர் கால் உடைந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்த்த ஒருவர் சொன்ன வண்டி நிறம் இந்த டிரைவரின் வேனோடு ஒத்துப்போக, போலீஸ் அவர்மேல் கேஸ் போட்டது. அந்த நேரம் திண்டிவனம் எடைமேடை வரிசையில் நின்றதாக டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேன் ஓனர் அன்றைக்கே சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

எடைமேடை கேமராவின் ஹார்டு டிஸ்க்கில் அந்த நாள் பதிவு அழிந்திருந்தது. கோர்ட் அனுமதியோடு, கோர்ட் ஊழியர் ஒருவர் முன்னிலையில், டிஸ்க்கை அப்படியே பிரதி எடுத்து அதிலிருந்து பதிவை மீட்டேன். அதற்கான சாப்ட்வேர் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அது எப்படி வேலை செய்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம்.

நடுவில் ஆயுத பூஜை வந்து தொலைத்தது. டிஸ்க் இருந்த ஆபீஸ் எது என்று சொல்லமாட்டேன். அங்கே ஒரு பக்திமான் பீரோ, ஸ்டேப்ளர், ஃபேன் சுவிட்ச் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, டிஸ்க்குக்கும் தாராளமாகச் சந்தனம் அப்பியிருக்கிறார். காற்றுப் போக அதில் ஒரு பொடி ஓட்டை உண்டு. சந்தனம் சரியாக அதற்குள் இறங்கிவிட்டது. அதன் பிறகு டிஸ்க் சுற்றவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சாமி குத்தம் என்பார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். இனி மிச்சம் என் பிரதி மட்டும்தான்.

அரசு வக்கீல் எழுந்தார். "சாப்ட்வேர் வாங்குன பில் எங்க?"

"பில் இல்லைங்க. இலவசம்."

"ஓசியா? யாரு வேணா உள்ள பார்க்கலாமாமே?"

"பார்க்கலாம்ங்க."

"அப்போ யாரு வேணா மாத்தவும் செய்யலாம்!"

"டீக்கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிற வடையை எல்லாரும்தான் பார்க்கிறாங்க. அதுக்குன்னு கைய விட முடியுதாங்க?"

நீதிபதி அம்மா சிரிக்கவில்லை. "ஓசின்னா வசதிதானே. இந்தக் கம்ப்யூட்டர்லயே இறக்கி, எங்க ஆளே பார்க்கட்டும்" என்றார்.

பிரதி எடுக்கும்போதே டிஸ்க்கில் உள்ள அத்தனையையும் கணக்குப் போட்டு அறுபத்து நாலு எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசையைச் சாப்ட்வேர் தரும். உள்ளே துளி மாறினாலும் அந்த வரிசை மொத்தமாக மாறிவிடும். அன்றைக்கு வந்த வரிசையை ஊழியர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். இப்போது என் பிரதியிலிருந்து மறுபடி வந்ததை பெஞ்ச் கிளார்க் உரக்க வாசித்தார். "ஏழு, சி, சி, பூஜ்யம், எஃப்..." டிரைவர் கைகூப்பி, அர்ச்சனைக்கு நிற்கிறவர்போல ஒவ்வொன்றுக்கும் தலை குனிந்தார். நாற்பத்தொன்றாவதில் டைப்பிஸ்ட் தும்மினார். வக்கீல் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்.

எல்லாம் பொருந்தியது. வீடியோவை வெட்டாமல் முழுசாகப் பார்க்கவேண்டும் என்றும் வக்கீல் பிடிவாதம் பிடித்தார். மூட்டைமேல் வாயைப் பிளந்துகொண்டு டிரைவர் தூங்குவதைக் கோர்ட்டே நாற்பது நிமிடம் உட்கார்ந்து பார்த்தது. பின்வரிசையில் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள்.

அடுத்த வாய்தாவில் விடுதலை. மறுவாரம் டிரைவர் என் கடைக்கு வந்தார்.

"அந்த அறுபத்து நாலு எழுத்த ஒரு பேப்பர்ல போட்டுக் குடுங்கண்ணா."

"எதுக்குய்யா? தீர்ப்பு காப்பியைக் காட்டு, போதும்."

"காட்டுனேண்ணா. வக்கீல வெச்சி தப்பிச்சிக்கினு வந்துட்டேன்றாரு ஓனர். சாவி தரமாட்டேன்றாரு. நான் அங்கதான் இருந்தேன்னு எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன், ஒருத்தரும் நம்பல. அத்த படிச்ச அப்புறம்தானே நம்புனாங்க?"

பிரிண்ட் எடுத்து நீட்டினேன். அவர் வாங்கி ஓரத்தை மட்டும் பிடித்துப் பார்த்தார்.

"லேமினேசன் போட்டுக் குடுங்கண்ணா. கை பட்டு ஒரு எழுத்து அழிஞ்சாலும் நம்பமாட்டாங்க."