ப்ளவுஸும் தெரியாது, நெஞ்சுவலியும் தெரியாது

ஆவணி மாசம், வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. தைக்கக் காத்திருந்த ப்ளவுஸ், நூத்தி முப்பது.

அயர்ன் பாக்ஸ் ஆவி, புதுத்துணி வாசனை, தையல் மெஷின் தடதடப்பு... ரங்கநாதன் தெருவுல ஒரு ஜவுளிக்கடை. அதோட மூணாவது மாடி தையல் பிரிவுதான் எங்க முதல் கஸ்டமர்.

எங்களுதுன்னா, தரமணியில ஒரு குட்டி கம்பெனி. கோட் எழுத நானும் தீபிகாவும் மட்டும். வேலை சிம்பிள். அடுத்து எந்த ப்ளவுஸை வெட்டணும்னு கட்டிங் மாஸ்டருக்கு ஸ்க்ரீன்ல காட்டணும். யார் வீட்டுக் கல்யாணம் சீக்கிரம் வருதோ, அவங்களுது முதல்ல.

எனக்குப் பொறுமை கிடையாது. "ஒவ்வொரு தடவையும் லிஸ்ட்டைத் தேதிப்படி அடுக்கு, முதல்ல இருக்கறதை எடு. முடிஞ்சுது"ன்னேன். அவ கேக்கல. அவசரமானதை முதல்ல எடுத்துக் குடுக்கற வரிசை, ப்ரையாரிட்டி கியூ, ஒண்ணைத் தனியா எழுதி வெச்சா.

"ப்ளவுஸ்ங்கற வார்த்தையே இதுக்குள்ள கிடையாது, பாரு."

"தையக்கடை கோட்ல ப்ளவுஸ் இல்லாம மசால் வடையா இருக்கும்?"

"வடையும் போடலாம்டா. ரெண்டுல எது முன்னாடின்னு சொல்ற ஒரு குட்டி கோட், ஒரு ஃபங்ஷன், வெளிய இருந்து குடு. இது அதை மட்டும்தான் கேக்கும்."

குத்தம் கண்டுபிடிக்கத்தான் படிச்சேன். அசந்துட்டேன்.

உள்ள எதுவும் முழு வரிசையில இல்ல. ஒவ்வொரு ஆர்டருக்குக் கீழயும் ரெண்டு ஆர்டர். மேல இருக்கறது கீழ இருக்கறதைவிட அவசரம். சட்டம் அவ்வளவுதான். புதுசா வர்றது தனக்கு நேர் மேல இருக்கறதோட மட்டும் மோதி ஏறும். ஆயிரம் ஆர்டர் இருந்தாலும் பத்து ஒப்பீட்டுக்குள்ள தன் இடத்துக்குப் போயிடும். இந்த அடுக்குக்குப் பேரு ஹீப், காலேஜ்ல பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினதுதான்... அன்னிக்குத்தான் மண்டைக்குள்ள போச்சு.

அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, நாங்க ரெண்டு பேரும் கடையில இருந்தப்போ, ஒரு அம்மா படியேறி வந்தாங்க.

"நாளன்னைக்கு என் பொண்ணுக்கு முகூர்த்தம். முதல் ஆளா வந்து துணி குடுத்தேன். நேத்து வந்தவங்க வாங்கிட்டுப் போறாங்க, எங்களுது இன்னும் துணியாவே கிடக்கு!"

கடை முதலாளி அண்ணாச்சி எங்களைப் பார்த்தார். "ஏழு மணி வரைக்கும் பாப்பேன் தம்பி. சரியாகலைன்னா ஒங்க கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் போயிருங்க. நான் பழையபடி டோக்கன்லயே ஓட்டிக்கிடுதேன்."

எங்களுக்குத் தோணாமப் போனது முகூர்த்த நாள். ஊர்ல பாதிக் கல்யாணம் அதே ஞாயித்துக்கிழமை. தேதி எல்லாருக்கும் ஒண்ணு. சமமா இருந்தா, முதல்ல வந்தவங்களை முதல்ல விடணும்னு ஹீப்புக்கு ஒரு கட்டாயமும் இல்ல.

நான் கியூவைத் திறந்து மாத்தப் போனேன். தீபிகா பட்டுன்னு கையைத் தட்டிவிட்டா.

"கியூவைத் தொடாத. ஒப்பிடற ஃபங்ஷன்ல ஒரு வரி சேர்த்துடு. தேதி சமமா இருந்தா, சின்ன டோக்கன் நம்பர் முன்னாடி."

ஒரே வரி. ஆர்டரை எல்லாம் மறுபடி உள்ள போட்டோம். ஸ்க்ரீன்ல முதல் பேரு அந்தப் பொண்ணோடது. கட்டிங் மாஸ்டர் கத்திரியை எடுத்தார்.

அந்த அம்மா ப்ளவுஸைக் கையில வாங்கினப்போ ஏழு ஆகல. பிரிச்சு, தையலைத் தடவிப் பார்த்துட்டு இறங்கிப் போனாங்க. அண்ணாச்சி எங்க பக்கம் திரும்பாமலே, "கம்ப்யூட்டரு இருக்கட்டும்ல"ன்னார்.

போன வாரம் அடையாறுல ஒரு ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு ஸ்க்ரீன் வெச்சோம். யாரை டாக்டர் முதல்ல பார்க்கணும்னு சொல்ற ஸ்க்ரீன். உள்ள ஓடறது தீபிகா எழுதின அதே கியூ ஃபைல். ஒரு எழுத்து மாத்தல. யாருக்கு ஆபத்து அதிகம்னு ஒப்பிடற ஃபங்ஷன் மட்டும் புதுசு. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வந்த ஒருத்தர் பேரு, கண் முன்னாடி கடகடன்னு உச்சிக்கு ஏறிச்சு. எனக்குப் புல்லரிச்சுப்போச்சு.

தீபிகா இப்போ வேற ஊர்ல, வேற கம்பெனியில. அன்னிக்கு ஒரே மேஜையில ரெண்டு பேர் சண்டை போட்டுக்கிட்டு எழுதினோம். இன்னிக்கு எனக்கு ஒரு பெரிய டீமே இருக்கு... கையைத் தட்டிவிடத்தான் ஆளில்ல.

இனி செய்யப்போறது:

1. டீம்ல புதுசா வர்றவங்களுக்கு முதல் டெஸ்ட்: ஒரே முகூர்த்தத்துல ஊர்க் கல்யாணம் பூரா.
2. அந்த ஃபைலோட முதல் வரியில தீபிகா பேரு. இது வரைக்கும் யாரும் போடல.
3. கியூவைத் தொட மாட்டேன்.