ரமணம்மா மெஸ்ஸும் எங்கள் ஞாயிறுகளும்

தண்ணீர் நிறைந்த எவர்சில்வர் ஜக்கு ஒரு மனிதனின் மண்டையில் படும்போது கணீரென்று ஒலிக்காது. இளநீர்க் காயைத் தரையில் போட்டதுபோல 'தொப்'பென்று மொண்ணையாக ஒரு சத்தம் வரும், அதற்குப் பிறகுதான் ஜக்கு கீழே விழுந்து உருண்டு தெருவுக்கே கேட்கும்படி அலறும். பதினொரு வயதில், பொத்தேரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த இரண்டு சத்தங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். அடித்தது என் அம்மா.

அம்மா அதற்கு முன் யார்மீதும் கைநீட்டியதில்லை. மறைமலை நகரில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடியே வேலை பார்த்துவிட்டு வருகிறவளுக்குப் பேசவே தெம்பிருக்காது. அப்பாவை நாங்கள் 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். நைனா காலேஜ் பஸ் ஓட்டினார். எங்கள் காலனி ரயில் பாதையைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் உள்ளே இருந்தது. ஊர்க்காரர்களின் கழனியில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு நாற்று நட்டவர்கள் நாங்கள். அந்தக் கழனிகள் மனைகளாகிக் கல் நடப்பட்ட பிறகு, எங்களில் சிலர் பஸ் ஓட்டினார்கள், சிலர் கம்பெனிக்குப் போனார்கள், ஒன்றிரண்டு பேர் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு ஆபீசுக்கும் போனார்கள்.

ஞாயிறு கோயிலில் ஜெபம் முடிந்ததும் நைனா, அம்மா, நான், ஆறு வயதுத் தம்பி டேனியல் என நால்வரும் ஒரே பைக்கில் நெருக்கிக்கொண்டு பொத்தேரிக்குப் போவோம். ஹாஸ்டல் பிள்ளைகளை நம்பி ஜி.எஸ்.டி. ரோட்டோரம் வரிசையாகக் கடைகள் முளைத்திருந்த காலம் அது. துண்டு அகலத்துக்கு ரொட்டி போடும் வடநாட்டு தாபா, புட்டும் மாட்டுக்கறி வறுவலும் கிடைக்கும் மலையாளி கடை, காலையிலேயே தம் உடைத்துவிடும் பாய் பிரியாணி, மணிப்பூரிலிருந்து வந்த ஒருவர் தனியாளாக நடத்திய மோமோ கடை, பருப்புப் பொடியில் நெய்யை ஊற்றிக் காது சிவக்கச் சிவக்கச் சாப்பிட வைக்கும் நெல்லூர் ரமணம்மாவின் மெஸ். போன வாரம் சாப்பிட்ட கடையில் இந்த வாரம் சாப்பிடக் கூடாது என்பது நைனாவின் சட்டம். மோமோவை அம்மா சந்தேகத்தோடு புரட்டிப் பார்த்து, "உள்ள இன்னா கீதுன்னே தெரியாம எப்டித் துன்றது?" என்பாள், பிறகு எங்களைவிட இரண்டு அதிகமாகவே தின்பாள்.

எதற்காக வாராவாரம் இந்த ஊர்வலம் என்று நான் கேட்டதற்கு நைனா ஒரே ஒரு முறை பதில் சொன்னார். "இங்க எவனும் 'நீ எந்தத் தெரு'ன்னு கேக்க மாட்டான். குந்தி நிதானமாத் துன்னு." ஊர் டீக்கடையில் அவர் இளவட்டமாக இருந்தவரைக்கும் காலனி ஆட்களுக்குத் தனி கிளாஸ் இருந்ததும், வாங்கி வெளியே நின்று குடித்து, கழுவிக் கவிழ்த்துவிட்டு வரவேண்டியிருந்ததும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நெல்லூரிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்தவர்களுக்கு எங்கள் தெரு எது என்று தெரியாது. அந்தத் தெரியாமைதான் எங்களுக்கு ருசித்தது.

ஆனால் அந்த வரிசை சாதுவான இடமில்லை. தாபாவில் ஒரு நாள் இரண்டு கோஷ்டி மாணவர்கள் கிரிக்கெட்டை வைத்து மோதிக்கொண்டபோது, பறந்து வந்த சாஸ் பாட்டில் ஒருவன் காதைக் கிழித்தது. எது சாஸ், எது ரத்தம் என்று தெரியாமல் டேனியல் வீறிட்டான். இன்னொரு நாள் மோமோ கடைக்காரரின் முகஜாடையைக் கேலி பேசிய மூன்று பேர், அவர் சிரிக்கவில்லை என்பதற்காகக் கன்னத்தில் மாற்றி மாற்றி அறைந்தார்கள். அவர் மாவை மடித்த கையை நிறுத்தவே இல்லை. அறை விழும்போது தலை திரும்பும். மறுபடி நேராகி அடுத்த மோமோவை மடிப்பார். நைனா குனிந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் குனிந்துகொண்டோம்.

அம்மா ஜக்கை எடுத்த ஞாயிறு, ரமணம்மா மெஸ்ஸில் உட்கார இடமில்லாத கூட்டம். ரமணம்மா ஐம்பது வயதுக்காரி, கனத்த உடம்பு. எல்லா இலைக்கும் தானே நேரில் வந்து நெய் விடுவாள். நாங்கள் கூட்டுக்கும் குழம்புக்கும் நடுவில் இருந்தபோது தாமோதரன் மூன்று நண்பர்களோடு உள்ளே வந்தான். எங்கள் ஊர்க்காரன். அவன் அப்பனின் கழனியில்தான் நைனாவின் அப்பா கடைசிவரை மடை திருப்பிக்கொண்டிருந்தார். கழனியை விற்றுக் கார் வாங்கியிருந்த தாமோதரன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு நேராக எங்கள் மேசைக்கு வந்தான்.

"இன்னா ஆபிரகாமு, குடும்பத்தோட விருந்தா? சரி, துன்னது போதும், எழுந்திரு. கூட ஆளுங்க வந்துகிறாங்க."

நைனா எழுந்தார். அதை எப்படி எழுதினாலும் எனக்கு வலிக்கிறது. பாதி எழுந்தார். நாற்காலி ஒரு சாண் பின்னால் நகர்ந்தது, எச்சில் கை மேசைக்கு மேலே தொங்கியது. யோசித்து எழுந்ததில்லை, அந்தக் குரலுக்கு அந்த உடம்பு பழகியிருந்தது. அப்படியே நின்றவர் அம்மாவின் இலையைப் பார்த்தார். அம்மா அப்போதுதான் சோற்றைப் பிசைந்திருந்தாள். நைனா மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார்.

"துன்னுகினு கீறோம்ங்க. பத்து நிமிசம் குந்துங்க, ஆயிடும்."

"எனுக்கே குந்துன்றியா நீ?"

சொல்லி முடிப்பதற்குள் நாற்காலியைப் பின்னாலிருந்து உருவினான். நைனா விழும்போது தாடை கல் மேசையின் விளிம்பில் இடித்து நாக்கு பல்லுக்கிடையில் சிக்கியது. வாயிலிருந்து கொட்டிய ரத்தத்தில் என் கையோரமிருந்த அப்பளம் ஊறி நொறுங்கியது. தரையில் கிடந்தவரின் விலாவில் தாமோதரன் செருப்புக் காலால் இரண்டு முறை உதைத்தான். "காலனிக்காரனுக்கு டேபிளு கேக்குதாடா" என்று மூன்றாவது முறை காலை ஓங்கியபோதுதான் அம்மா ஜக்கை எடுத்தாள்.

தாமோதரன் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அவன் ஆட்களில் ஒருவன் அம்மாவின் பின்னலைச் சுருட்டிப் பிடித்து அவள் முகத்தை மேசையில் மோதினான். பக்கத்து மேசையில் வாய் நிறையச் சோற்றோடு இருந்த ஒல்லியான தெலுங்குப் பையன் "ரேய்!" என்று எழுந்தான், எழுந்த வேகத்தில் அவன் முகத்திலேயே நாற்காலி விழுந்தது, புருவம் பிளந்தது. அவ்வளவுதான், மெஸ்ஸில் இருந்த பிள்ளைகள் மொத்தமும் எழுந்தார்கள். டம்ளர்கள், சாம்பார் வாளி, இரும்பு நாற்காலிகள், கைக்கு எது கிடைத்ததோ அது. டேனியலை மேசைக்கடியில் தள்ளி நானும் நுழைந்துகொண்டேன். அம்மாவின் பின்னலைப் பிடித்திருந்தவன் எங்களுக்கு எதிரே விழுந்து, நாலைந்து கால்களுக்கு நடுவில் சுருண்டு 'அம்மா, அம்மா' என்று கத்தினான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் உதைக்க வேண்டும் என்று இருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பற்றி இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

ரமணம்மா கரண்டியோடு நடுவில் புகுந்து தெலுங்கில் கத்திக்கொண்டே எங்களைச் சமையலறை வழியாகப் பின்பக்கம் தள்ளிவிட்டாள். நைனாவின் நாக்கில் தையல் போட்டார்கள். இரண்டு விலா எலும்புகள் விரிசல் விட்டிருந்தன.

மறுநாள் பதினோரு மணிக்கு, மெஸ்ஸில் உலை கொதித்துக்கொண்டிருந்தபோது, பத்துப் பேர் ஹாக்கி மட்டையோடு வந்தார்கள். கண்ணாடிகளை, மேசைகளை, ஃபேனைக்கூட விடவில்லை. அண்டாவோடு ரசத்தைக் கவிழ்த்தார்கள். தடுக்கப் போன ரமணம்மாவின் இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெந்துபோனது.

மூன்றாம் நாள் நைனாவும் அம்மாவும் அவளைப் பார்க்கப் போனபோது நானும் போனேன். கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிக் குவித்திருந்த வாசலில், கையில் கட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நைனாவால் பேச முடியவில்லை, கும்பிட்டார். அம்மா அவள் கையைத் தொடப் போனாள்; ரமணம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

"நீங்க மஞ்சி மனுசங்க. நல்லவங்க. ஆனா இனிமே இங்க வராதீங்கம்மா. ஊரு விட்டு ஊரு வந்தவ நானு, பொழைக்கணும்."

ஒரு மாதத்தில் மெஸ்ஸைக் காலி செய்துகொண்டு நெல்லூருக்கே போய்விட்டாள் என்று கேள்விப்பட்டோம்.

நைனா போலீசில் புகார் கொடுத்தார். உடனே தாமோதரன் ஜக்கால் மண்டையை உடைத்ததாக அம்மாமேல் எதிர்ப் புகார் கொடுத்தான். அவன் தலையில் தையல் இருந்தது, எக்ஸ்ரே இருந்தது. தண்டனையானால் அம்மாவின் கம்பெனி வேலை போய்விடும். "நீ வாபஸ் வாங்கு, அவனும் வாங்கிக்குவான், இன்னாத்துக்குப் பேஜாரு?" என்று ஊர்ப் பெரியவர்கள் ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள். நைனா சம்மதிக்கவே இருந்தார். அம்மா மறுத்துவிட்டாள். "நான் அடிச்சேன். இல்லேன்னு சொல்ல மாட்டேன். எதுக்கு அடிச்சேன்னு அவங்க கேக்கட்டும்."

இதற்கிடையிலும் நைனா ஞாயிறுகளை விடவில்லை. வாசலைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவார். யாராவது சத்தமாகச் சிரித்தால் அவர் கை மேசை விளிம்பை இறுகப் பிடிக்கும். மலையாளி கடையில் ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடிக்காமல் டேனியல் மீன் தொட்டியைப் பார்க்க எழுந்தான். நைனா விட்ட அறையில் பிள்ளை சுவரில் போய் முட்டினான். "குந்துடா! நான் சொல்ற வரிக்கும் எழுந்திருக்கக் கூடாது, குந்து!" கடை முழுக்க எங்களையே பார்த்தது. டேனியலின் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அம்மா அதைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "அவன் உன்ன எழுந்திருன்னு அடிச்சான். நீ இவன குந்துன்னு அடிக்கிற. புள்ளைக்கு ரெண்டும் ஒண்ணுதானே?"

நைனா இலையை மூடினார். அன்றோடு எங்கள் ஞாயிறுகள் முடிந்தன.

வழக்கு செங்கல்பட்டுக் கோர்ட்டில் விசாரணைக்கு வர மூன்று வருடமானது. அன்று சண்டையில் இருந்த மாணவர்கள் படிப்பு முடிந்து எங்கெங்கோ போய்விட்டார்கள். எங்கள் வக்கீல் நெல்லூருக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதிலில்லை. சாட்சியில்லாமல் அம்மா கூண்டில் நிற்க வேண்டியிருக்கும் என்றுதான் நினைத்திருந்தோம். சாட்சி விசாரணை நாளன்று காலை, வராந்தாவில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரமணம்மா வந்தாள். ரயிலில் தனியாக வந்திருந்தாள். இளைத்திருந்தாள். எங்களைத் தாண்டி நேராக உள்ளே போனாள்.

தாமோதரனின் வக்கீல் அவளை மடக்கப் பார்த்தார். "ஜக்கால் அடித்தது யார்? கண்ணால் பார்த்தீர்களா?"

"பார்த்தேன். இந்தம்மாதான் அடிச்சிச்சு" என்று அம்மாவைக் காட்டினாள். அவள் நிறுத்தவில்லை. "அதுக்கு முந்தி நாற்காலிய உருவினது யாரு, கீழ கெடந்தவர எத்தினது யாருன்னு கேளுங்க சார். அதையும் பார்த்தேன். இவருதான்." வலது கையை நீட்டித் தாமோதரனைக் காட்டினாள். அவன் கோர்ட்டிலேயே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

அம்மாமேல் இருந்த வழக்கு தள்ளுபடியானது. தாமோதரனுக்குக் கிடைத்த தண்டனை சின்னதுதான். அதற்கும் மேல்முறையீடு என்று போய்க்கொண்டே இருந்தது. ஆனால் அம்மா கம்பெனியில் ரிட்டயர் ஆகும்வரை வேலை பார்த்தாள்.

சாட்சி சொன்ன அன்று மத்தியானம், நைனா ரமணம்மாவைச் சாப்பிடக் கூப்பிட்டார். வரமாட்டாள் என்றே நினைத்தேன். வந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் இரைச்சலான ஒரு சாப்பாட்டுக் கடையில் ஐந்து பேரும் உட்கார்ந்தோம். ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதா ரசம்?" என்று ரமணம்மா முகத்தைச் சுளித்தாள். நைனா சிரித்தார். தையல் போட்ட நாக்கு என்பதால் மூன்று வருடமாகவே அவர் சிரிப்பில் காற்றுப் போகும். சாப்பிட்டு முடித்ததும் அவளை ரயிலேற்றிவிட்டு வந்தோம். அதன்பிறகு அவளைப் பார்க்கவில்லை.

போன மாதம் ஒரு வேலையாகப் பொத்தேரியில் இறங்கினேன். மெஸ் இருந்த இடத்தில் நாலு மாடிக் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. தாபா இல்லை, மோமோ கடைக்காரர் எப்போது போனார் என்று சொல்ல ஆளில்லை. எல்லா ஊர்களிலும் இருக்கிற அதே பெயர்ப் பலகைகள்தான் அங்கேயும் எரிகின்றன. மேசையில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். கட்டத்தைப் போனுக்குக் காட்டினால் தட்டு வருகிறது. பாதிப் பேர் அதுவுமில்லாமல் ஹாஸ்டல் வாசலுக்கே வரவழைத்துத் தின்கிறார்கள். நான் தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது நைனா டிவியைப் பார்த்தபடி "உம்" கொட்டினார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கட்டடத்தைப் பற்றியும் கடைகளைப் பற்றியும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கடைசித் துணியை மடித்து வைத்த பிறகு, என்னிடம் கேட்கிறாளா தனக்குள் பேசிக்கொள்கிறாளா என்று தெரியாத குரலில் சொன்னாள்:

"கோர்ட்டுக்கு வந்தப்போ அந்தக் கைய முந்தானையால மூடிகினே இருந்துச்சு ரமணம்மா. சாப்பிடறப்பக்கூட எடுக்கல. ஆறிச்சா இல்லியான்னு நாம ஒரு வார்த்த கேக்கவே இல்லியேடி."