பக்கத்துத் தாளைப் பார்த்துப் போட்ட டிக்

போன ஆடி மாதம், மூன்றாம் வெள்ளி. தூத்துக்குடி மில்லர்புரத்தில் எங்கள் வீட்டருகே உள்ள அம்மன் கோயிலில் திருவிளக்கு பூஜை அப்போதுதான் முடிந்திருந்தது.

ஏரல் பக்கம் வயலும் வாழையுமாக இருந்துவிட்டு, வீட்டுக்காரர் போன பிறகு மகன் வீட்டுக்கு வந்தவள் நான். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டை எழுத்துக் கூட்டுவேன். என் படிப்பு அவ்வளவுதான். அதை இந்த ஊரில் ஒருவருக்கும் காட்டிக்கொண்டதில்லை. பூஜையில் போற்றிப் புத்தகத்தை எல்லோரையும் போல விரித்து வைத்துக்கொள்வேன். பக்கத்தில் இருப்பவள் தாளைத் திருப்பினால் நானும் திருப்புவேன்.

பக்கத்தில் எப்போதும் ஒரே பெண்தான். இலங்கையிலிருந்து வந்து முகாமில் இருக்கிறவள். என் மகள் வயது இருக்கும். அதிகம் பேசமாட்டாள். என் விளக்கில் எண்ணெய் குறைந்தால் கேட்காமலே ஊற்றுவாள்.

அன்று சுண்டல் கொடுப்பதற்கு முன், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் பிள்ளை வந்து ஆளுக்கொரு தாள் கொடுத்தது.

"தூக்கம் எப்படி, மனசு எப்படின்னு கேட்டிருக்கு. கட்டத்துல டிக் போட்டுக் குடுங்க. வாசிக்க முடியாதவங்க கையத் தூக்குங்க, நான் வாசிக்கேன்."

இரண்டு பேர் கை தூக்கினார்கள். நானா தூக்குவேன்? பக்கத்துத் தாளைப் பார்த்தேன். அவள் எல்லாவற்றுக்கும் கடைசிக் கட்டத்தில் போட்டாள். அதுதான் நல்ல பதில் போலிருக்கிறது என்று நானும் அப்படியே போட்டு, முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதைப் பார்த்ததும் அந்தப் பிள்ளையின் முகம் மாறிவிட்டது. என்னைத் தூண் ஓரமாகக் கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டது.

"ஆச்சி, தெனமும் தூக்கம் இல்ல, செத்துப்போயிரலாம்னு தோணுதுன்னு போட்டிருக்கீங்களே. வீட்ல யாரும் ஏதும் சொல்லுதாங்களா?"

"எனக்கென்ன கேடு? ராஜாத்தி மாதிரில்லா இருக்கேன்!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்படியானால் அது யாருடைய பதில்?

திரும்பிப் பார்த்தேன். அவள் தன் தாளைக் கொடுக்கவே இல்லை. நாலாக மடித்து விளக்குப் பைக்குள் திணித்துவிட்டு, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் மனதில் கிடந்தது என் தாளில் மட்டும்தான் இருந்தது. நான் சும்மா இருந்தால் என் மானம் தப்பும். அவள் போய்விடுவாள்.

நர்ஸ் பிள்ளை கையிலிருந்த என் தாளை வாங்கிக்கொண்டேன். எப்படியோ கத்திவிட்டேன்.

"ஏளா, போவாத! எனக்கு வாசிக்கத் தெரியாது. இங்கன வந்து இந்தத் தாள வாசிச்சுச் சொல்லு!"

சுண்டல் வரிசையே திரும்பிப் பார்த்தது. "இத்தன வருசமா புஸ்தகத்த வச்சு என்ன செஞ்சா?" என்று யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன்.

அவள் வந்தாள். என் தாளில் தன் டிக்குகளையே பார்த்தாள். அப்படியே என் தோளில் சாய்ந்துவிட்டாள்.

"நித்திரையே இல்லையம்மா. வெளியில சொன்னா விசர் எண்டு சொல்லுவினம். பிள்ளையளுக்குக் கலியாணம் நடக்காது."

பைத்தியத்தை அவர்கள் விசர் என்பார்கள். நர்ஸ் பிள்ளை எங்கள் இருவரையும் மடப்பள்ளிக்குப் பின்னால் உட்காரவைத்து, அவள் பேசி முடிக்கும் வரை கேட்டது. மறுநாளே டாக்டரிடம் போக ஏற்பாடு செய்தது. பிறகு எனக்கும் முதலிலிருந்து வாசித்தது. தூக்கம் பற்றிய கேள்விக்கு நன்றாகத் தூங்குகிறேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் போனதிலிருந்து நானும் கண்மூடித் தூங்கியதில்லை. வயசானால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். அந்த ஒரு டிக் என்னுடையதும்தான்.

இப்போது இருவரும் ஒரே பஸ்ஸில் டாக்டரிடம் போய் வருகிறோம். முழுசாக இல்லாவிட்டாலும் தூங்குகிறாள். பூஜையில் எனக்காக எழுத்துக்கு அடியில் விரல் வைத்து வாசிக்கிறாள்.

அதிலிருந்து யாராவது நல்லா இருக்கீங்களா என்று கேட்டால், நான் உடனே தலையாட்டிவிடாமல் ஒரு நிமிஷம் யோசித்து உள்ளதைச் சொல்கிறேன். கேட்கிறவரும் பிறகு கொஞ்சம் உள்ளதைச் சொல்கிறார்.