பதிலிக்குக் கிடைத்த வீடு

மகளின் பிரசவத்துக்காக ஊருக்குக் கிளம்பிய அன்று காலையில், கெம்பம்மா கஸ்தூரியை அந்த வீட்டுப் பின்வாசலுக்குக் கூட்டிவந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் ஊற்றி, மருந்து உருண்டை கொடுத்துத் தேற்றிவிட்டு மண்டியாவிலிருந்து அவள் திரும்பச் சில மாதங்கள் ஆகும். அதுவரை அவள் வீட்டுக்குக் கஸ்தூரிதான் பதிலி.

அவள் வீடு என்றால் அவள் வேலை செய்யும் வீடு. நகரத்தில் நாகரபாவிப் பக்கம் வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுக்குள் அப்படித்தான் பேச்சு. ஊருக்குப் போகிறவள் தனக்கு வேண்டியவளைப் பதிலியாக நிறுத்துவாள். திரும்பி வந்ததும் பதிலி விலகிக்கொள்ள வேண்டும். மீறியவளோடு குழாயடியில் யாரும் பேசமாட்டார்கள்.

"பாத்திரத்த ரொம்பப் பளபளன்னு தேய்ச்சிடாத," என்றாள் கெம்பம்மா. "நான் தேய்க்கிற மாதிரி தேய், போதும்."

"அழுக்கோடயா வைக்கச் சொல்றீங்க கெம்பக்கா?"

"அடிப்பாவி! நான் தேய்ச்சா அழுக்குன்னா சொல்ற?" சிரித்துக்கொண்டே முதுகில் ஒன்று வைத்தாள். "பதிலின்னா ஒரு பிடி கம்மியாத்தான் செய்யணும். அப்பத்தான் அவங்களுக்கு என் ஞாபகம் வரும்."

கஸ்தூரி தலையாட்டினாள். கோவாவுக்கு வேலைக்குப் போன கணவன் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்ட பிறகு, கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் முச்சந்தியில்தான் அவள் தினமும் போய் நின்றாள். எந்த லாரி எங்கே கொண்டுபோகும் என்று தெரியாது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் சைத்ராவையும் ஏற்றிக்கொண்டு போவாள். இனியும் பிள்ளை வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டுத்தான் கெம்பம்மா தன் வீட்டையே நம்பிக் கொடுத்தாள். இந்தச் சில மாதத்துக்குள் அக்கம்பக்கத்தில் இன்னொரு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் நினைத்தார்கள்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கஸ்தூரி அளவோடு தேய்த்தாள், அளவோடு பெருக்கினாள். தவறு ரொட்டியில் வந்தது.

வீட்டுக்காரி வந்தனாவின் மாமனாரை எல்லாரும் அஜ்ஜா, அதாவது தாத்தா, என்பார்கள். வடக்கே, சோள ரொட்டியே சாப்பாடாக இருக்கும் பாகல்கோட்டைக்காரர். மனைவி இறந்த பிறகு தட்டில் வைத்ததைக் கிளறிவிட்டு எழுந்துவிடுவார். கெம்பம்மாவோ கேழ்வரகுச் சீமைக்காரி. சோள ரொட்டி அவள் கைக்கு வராது. ஒருநாள் அவர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், கஸ்தூரி கொதிநீரில் சோளமாவைப் பிசைந்து தட்ட ஆரம்பித்தாள். படபடவென்று கை தட்டும் சத்தம் கேட்டு அஜ்ஜா சமையலறைக்கே வந்துவிட்டார்.

"எந்த ஊரும்மா நீ?"

"ஹுனகுந்து பக்கம் அஜ்ஜா."

"அதானே பாத்தேன்! எங்க பக்கத்துக் கை!"

கத்தரிக்காய்க் கறியும் கடலைப்பொடியும் வைத்துக்கொண்டு அவர் சாப்பிட்டதைப் பார்த்து வந்தனாவுக்குக் கண் கலங்கியது. மறுநாளே சொல்லிவிட்டாள். "கஸ்தூரி, நீ இங்கயே இருந்துடு. கெம்பம்மாவுக்கும் வயசாயிடுச்சு, குனிய முடியல."

"மேடம், இது அவங்க வீடு."

"இது என் வீடு," என்றாள் வந்தனா.

அவளே வேண்டாம் என்று அனுப்பிவிடட்டும் என்று, அன்றிலிருந்து கஸ்தூரி வேலையைக் கெடுக்க ஆரம்பித்தாள். வாணலியில் பிசுக்கை விட்டாள். குழம்பில் உப்பை அள்ளிப் போட்டாள். வந்தனா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "உடம்பு சரியில்லையா? செத்த உக்காரு," என்று டீ போட்டுக் கொடுத்தாள். ரொட்டியைக் கருக்கி வைத்தால், "எங்கம்மாவும் இப்படித்தான் கருக்குவா," என்று அஜ்ஜா இன்னொன்று கேட்டார். நன்றாகச் செய்தும் மாட்டிக்கொண்டாள். கெடுத்தும் தப்ப முடியவில்லை.

வேறு வீடும் அமையவில்லை. சைத்ரா மட்டும் தினமும் பள்ளிக்கூடம் போனாள்.

கெம்பம்மா கொப்பரை உருண்டை டப்பாவோடு திரும்பி வந்தாள். பேத்தி பிறந்த சந்தோஷத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வந்தனா பின்வாசலுக்கு வந்து, இனிக் கஸ்தூரியே இருக்கட்டும் என்றாள்.

"நான் பதிலிதான் மேடம். அக்கா வந்தாச்சு, நான் கிளம்பறேன்," என்று கஸ்தூரி பையை எடுத்தாள்.

"சரி, போ. ஆனா கெம்பம்மாவ நான் எடுக்கறதா இல்ல. ரொட்டி தட்டத் தெரிஞ்சவளா வேற ஆள் பாத்துக்கறேன்." வந்தனா உள்ளே போய்விட்டாள்.

கெம்பம்மா டப்பாவைப் படியில் வைத்தாள்.

"பளபளக்க வைக்காதன்னு சொன்னேனா இல்லயா?" என்றாள் கெம்பம்மா.

"பாத்திரத்த வைக்கலக்கா. ரொட்டிதான்..."

"ரொட்டியாம் ரொட்டி." கெம்பம்மா கஸ்தூரியின் பையைப் பிடுங்கி உள்ளே எறிந்தாள். "போ. யாரோ ஒருத்தி திங்கறதுக்கு நீயே தின்னு. உன் புள்ளயாவது பள்ளிக்கூடம் போகட்டும்."

"அக்கா..."

"என்னை அக்கான்னு கூப்பிடாத."

டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனவள், எதிர்வீட்டுக் காவல்காரனிடம் ஆள் வேண்டுமா என்று கேட்பது சமையலறைச் சன்னல் வழியாகக் கேட்டது. கஸ்தூரி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

அதன்பிறகு குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பேச்சு நின்றுவிடும். கெம்பம்மா அவளைப் பார்க்காமலே தண்ணீர் பிடித்துக்கொண்டு போவாள். நான்கு தெரு தள்ளி மூன்றாவது மாடி வீடு ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறதாம். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் படியேறுகிறாளாம்.

தை பிறந்ததும் சைத்ரா நச்சரிக்க ஆரம்பித்தாள். "நம்ம ஊர்ப்பக்கம் பனசங்கரி அம்மன் ஜாத்திரைக்குப் போலாம்மா. தேர் பாக்கணும்."

"நான் வேணா நாலு நாள் பதிலி நிக்கறேன் கஸ்தூரிக்கா," என்றாள் பக்கத்துக் குடிசை மஞ்சுளா. கைக்குழந்தையோடு புதிதாக வந்து, வேலை தேடிக்கொண்டிருப்பவள். குழாயடியில் கஸ்தூரியோடு பேசுகிறவள் அவள் ஒருத்திதான். "நீங்க வந்ததும் விட்டுடறேன். எனக்கும் நாலு வீடு பழக்கமாகும்."

சைத்ரா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் கஸ்தூரி.

"பாதாமிப் பக்கம் அக்கா. உங்க சீமைதான்."

"ரொட்டி தட்டுவியா?"

"ஏன் தட்டாம? எங்க மாமியாரே வாயத் தொறந்து பாராட்டுவாங்கன்னா பாத்துக்கங்க!"

கஸ்தூரி குடத்தை இடுப்பில் தூக்கி வைத்தாள்.

"அப்ப வேணாம்," என்றாள்.